இயங்குதளத்தை மீண்டும் நிறுவியபின் காணாமற்போன கோப்புகள்: எங்கே தேடுவது, எதைச் செய்யக் கூடாது?

புதுடெல்லி: மெதுவாக இயங்கும் கணினியைப் பழுதுநீக்கும் கடையில் கொடுத்தால், பெரும்பாலும் அன்று மாலையே அது திரும்பக் கிடைத்துவிடுகிறது. இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டிருக்கும். கணினியும் விரைவாக இயங்கும். 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையைத் திறந்து பார்க்கும்போதுதான், மூன்று ஆண்டுக் கணக்கு வழக்குகளோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களோ, இரு வாரங்களில் சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வேடோ அங்கு இல்லை என்பது தெரியவருகிறது.

அந்த நிமிடத்தில் பயனர் அடுத்து என்ன செய்கிறார் என்பதே கோப்புகள் மீளுமா, மீளாதா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பதற்றத்தில், இணையத்திலிருந்து ஏதேனும் ஒரு மீட்பு மென்பொருளைப் பதிவிறக்கி அதே கணினியில் நிறுவிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. ஆனால், மீட்கக்கூடிய நிலையில் இருந்த கோப்புகளை நிரந்தரமாக அழித்துவிடுவதும் பல நேரங்களில் அச்செயலே.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து விண்டோஸ் 11-க்கு மாறுவோர், பழைய கணினியைத் துடைத்துவிட்டு லினக்ஸ் நிறுவுவோர், விற்பதற்கு முன் ஒருமுறை 'ஃபார்மட்' செய்வோர் என அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

எந்த வகை மறுநிறுவல்?

இயங்குதளத்தை மீண்டும் நிறுவுதல் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு செயல்கள் அடங்கியுள்ளன. எது நடந்தது என்று அறியாமல் தேடுவதில் பயனில்லை.

முதலாவது, பழைய பதிப்பின் மீதே புதிய பதிப்பை நிறுவுவது. இதில் தனிப்பட்ட கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, விண்டோஸின் அமைப்புகளில் உள்ள 'ரீசெட்' வசதி. இதில் 'என் கோப்புகளை வைத்துக்கொள்', 'அனைத்தையும் நீக்கு' என இரு தெரிவுகள் உண்டு. முதல் தெரிவில் மென்பொருட்கள் நீங்கும். பயனரின் கோப்புறையில் உள்ளவை தப்பும். மூன்றாவது, பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, புதிதாக நிறுவுவது. கடைகளில் பெரிதும் கையாளப்படுவது இம்முறையே.

இந்த மூன்றாவது முறையிலும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. சி டிரைவை ஃபார்மட் செய்யாமல் அதன் மீதே விண்டோஸை நிறுவியிருந்தால், பழைய இயங்குதளம் முழுவதும், பயனரின் கோப்புகள் உட்பட, 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறைக்குள் நகர்த்தப்பட்டிருக்கும். ஆகவே, முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. சி டிரைவில் அந்தக் கோப்புறை இருந்தால், அதற்குள் 'யூசர்ஸ்', அதற்குள் பழைய பயனர் பெயர் எனச் சென்றால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய அனைத்தும் முன்பிருந்த ஒழுங்கிலேயே கிடைக்கும். திறக்க அனுமதி இல்லை என்று அறிவிப்பு வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் 'தொடர்க' என்பதைச் சொடுக்கினால் போதும்.

எனினும், இந்தக் கோப்புறை நெடுநாள் தங்குவதில்லை. பதிப்பு உயர்த்தப்பட்ட 10 நாட்களில் விண்டோஸ் அதைத் தானாகவே நீக்கிவிடும். 'டிஸ்க் கிளீன்அப்' வழியாக இடத்தை மீட்கும் ஆர்வத்தில் பயனரே அதை முன்னதாக நீக்கிவிடுவதும் உண்டு. ஆதலால், கண்டவுடன் உள்ளிருப்பவற்றை வேறொரு டிரைவுக்குப் படியெடுத்துவிட வேண்டும்.

வேறு சில நேரங்களில் எதுவுமே அழிந்திருக்காது. 2020 பிப்ரவரியில் வெளியான ஒரு விண்டோஸ் 10 புதுப்பிப்புக்குப் பின், டெஸ்க்டாப் முழுவதும் வெறுமையாகிவிட்டதாகப் பலர் புகாரளித்தனர். கணினி அவர்களைத் தற்காலிகக் கணக்கு ஒன்றில் நுழைத்திருந்தது. உண்மையான கோப்புறை, பெயரின் இறுதியில் சில எழுத்துகளோ எண்களோ சேர்க்கப்பட்டு, 'யூசர்ஸ்' கோப்புறையிலேயே இருந்தது. பெயர் மாறிய வீட்டைத் தேடி ஊரெல்லாம் அலைந்த கதைதான்.

'அழித்தல்' என்பதன் பொருள்

விண்டோஸ்.ஓல்ட் இல்லை, டிரைவும் ஃபார்மட் செய்யப்பட்டுவிட்டது என்றால், அடுத்து அறிய வேண்டியது கணினியில் இருப்பது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பது. மீட்பின் எல்லை இந்த ஒரு விடையில்தான் இருக்கிறது.

சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்க்கில், ஒரு கோப்பை நீக்கும்போது அதன் உள்ளடக்கம் உடனடியாக அழிக்கப்படுவதில்லை. எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று குறித்துவைத்திருக்கும் பட்டியலில், அந்த இடம் இனி காலி என்று குறிக்கப்படுகிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் நிலம் மறைந்துவிடுவதில்லை அல்லவா? அதைப்போன்றதே இதுவும். விண்டோஸை நிறுவும்போது செய்யப்படும் ஃபார்மட்டும் விரைவு ஃபார்மட்டே. அது பட்டியலைப் புதிதாக எழுதுகிறது, தட்டு முழுவதையும் துடைப்பதில்லை. மாறாக, விண்டோஸ் விஸ்டா முதல், 'முழு ஃபார்மட்' என்பதைத் தேர்ந்தால் டிரைவ் முழுவதும் சுழியங்களால் நிரப்பப்படுகிறது. அதன்பின் மீட்க எதுவும் எஞ்சாது.

விரைவு ஃபார்மட்டுக்குப் பின் உள்ளடக்கம் எஞ்சியிருந்தாலும், புதிய இயங்குதளமே ஏறத்தாழ 20 ஜிபி அல்லது அதற்கும் மேலான இடத்தில் தன்னை எழுதிக்கொண்டுவிடுகிறது. அவ்விடத்தில் முன்பு இருந்தவை போய்விட்டன. ஒருமுறை மேலெழுதப்பட்டதை எந்த ஆய்வகத்தாலும் மீட்க இயலாது என்றே இன்றைய டிஸ்க்குகளைப் பொறுத்தவரை கொள்ள வேண்டும். எஞ்சிய பரப்பில் இருப்பவை மட்டுமே தப்பிப் பிழைத்தவை. அவையும் ஒவ்வொரு மணி நேரமும் குறைந்துகொண்டே வரும். கணினி இயங்கிக்கொண்டிருந்தாலே போதும். விண்டோஸ் புதுப்பிப்புகளைப் பதிவிறக்கும், உலாவி தற்காலிகக் கோப்புகளைச் சேமிக்கும், நினைவகத்தின் பளுவை இறக்கிவைக்க ஒரு பெரிய கோப்பு உருவாகும். பயனர் எதையும் தொடாவிட்டாலும் எழுதுதல் நின்றுவிடாது.

எனவேதான், கோப்புகள் இல்லை என்று தெரிந்தவுடன் கணினியை நிறுத்திவிட வேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர். பின்னர் அந்த டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பான் வழியாக வேறொரு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, அங்கிருந்து தேடுவதே சரியான வழி. அவ்வாறு இணைக்கும்போது, 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கக்கூடும். அதற்கு இணங்கவே கூடாது.

மைக்ரோசாஃப்ட் பட்ட பாடு

இந்த அறிவுரையை மைக்ரோசாஃப்ட்டே தன் பயனர்களுக்கு வழங்க நேர்ந்த நிகழ்வு ஒன்று உண்டு. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி, விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வெளியானது. நிறுவிய சிலருக்கு டாக்குமெண்ட்ஸ் கோப்புறையில் இருந்தவை அடியோடு மறைந்தன. சில நாட்களிலேயே அந்நிறுவனம் வெளியீட்டை நிறுத்திவைத்தது.

காரணம் பின்னர் வெளிவந்தது. இடப்பற்றாக்குறையால் தங்கள் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையின் இருப்பிடத்தை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றியிருந்தோர் உண்டு. அவர்களுள் சிலர் பழைய கோப்புகளை நகர்த்தாமல் பழைய இடத்திலேயே விட்டிருந்தனர். ஒரே பெயரில் தேவையற்ற இரட்டைக் கோப்புறைகள் தோன்றுகின்றன என்ற முந்தைய குறையைக் களைய முற்பட்ட புதிய பதிப்பு, பழைய இடத்தில் இருந்ததை வெற்று நகல் என்று கருதி, உள்ளடக்கத்துடன் சேர்த்து நீக்கிவிட்டது.

இழப்பைப் புகாரளித்தோர் நிறுவியவர்களுள் நூற்றில் ஒரு விழுக்காட்டின் நூற்றில் ஒரு பங்கினரே என்று மைக்ரோசாஃப்ட் விளக்கமளித்தது. அதாவது, பத்தாயிரத்தில் ஒருவர். எண்ணிக்கையில் சிறிது என்றாலும், அந்த ஒருவருக்கு அது நூறு விழுக்காடு இழப்பு. பாதிக்கப்பட்டோர் கணினியைப் பயன்படுத்துவதை இயன்றவரை குறைத்துக்கொண்டு, ஆதரவு மையத்தைத் தொலைபேசியில் அழைக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். பிழை திருத்தப்பட்ட பதிப்பு அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி மீண்டும் வெளியானது.

மீட்பு மென்பொருட்கள் செய்வது என்ன?

ஹார்டு டிஸ்க்கில் இம்மென்பொருட்கள் இரு வழிகளில் தேடுகின்றன. பழைய பட்டியலின் சிதறிய பகுதிகள் எஞ்சியிருந்தால், அவற்றைக் கொண்டு கோப்பின் பெயரையும் கோப்புறை ஒழுங்கையும் மீட்டெடுக்கும். பட்டியல் முற்றிலும் போய்விட்டிருந்தால், டிஸ்க்கின் முதற்பகுதியிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே சென்று, அறிமுகமான அடையாளங்களைத் தேடும். ஒவ்வொரு கோப்பு வகைக்கும் ஒரு தொடக்கக் குறி உண்டு. பிடிஎஃப் கோப்பின் முதல் சில எழுத்துகளிலேயே அதன் வகைப்பெயர் இருக்கிறது. ஜேபெக் படங்களுக்கும் அவ்வாறே நிலையான தொடக்கம் உண்டு. இரண்டாம் வழியில் கோப்புகள் கிடைத்தாலும் பெயர்கள் கிடைப்பதில்லை. 'திருமண அழைப்பிதழ்' என்று சேமித்தது, ஓர் எழுத்தும் நீண்ட எண்ணும் கொண்ட பெயருடன் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே கிடக்கும். டிஸ்க்கில் பல துண்டுகளாகச் சிதறிச் சேமிக்கப்பட்டிருந்த பெரிய காணொலிகள் பாதியில் அறுந்தே வரும்.

கட்டணமின்றிக் கிடைப்பவற்றுள், மைக்ரோசாஃப்ட்டின் 'விண்டோஸ் ஃபைல் ரிகவரி', விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பு முதல் இயங்கும். இதைக் கட்டளை வரியில் தட்டச்சு செய்தே இயக்க வேண்டும் என்பதால் பலர் தயங்குகின்றனர். தேடப்படும் டிரைவும் மீட்டதைச் சேமிக்கும் டிரைவும் ஒன்றாக இருக்க இது அனுமதிப்பதில்லை; அக்கட்டுப்பாடு நன்மைக்கே. 'ஃபோட்டோரெக்' என்பது திறமூல மென்பொருள். பெயரில் படங்கள் இருந்தாலும் ஆவணங்களையும் மீட்கும். எதைப் பயன்படுத்தினாலும் மீட்கப்பட்டவற்றை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது என்ற விதி மாறாது.

டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்ற ஓசை எழுந்தாலோ, கணினி அதை அவ்வப்போது இனங்காணாமல் போனாலோ, அது மென்பொருளால் தீர்வதன்று. மேலும் இயக்குவதே கேடு. தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து பணியாற்றும் மீட்பு நிறுவனங்களையே நாட வேண்டும்.

எஸ்எஸ்டியில் கதை வேறு

இதுவரை கூறியவற்றுள் பெரும்பகுதி எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது. அண்மைக்கால மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பதோ எஸ்எஸ்டிதான்.

எஸ்எஸ்டியின் நினைவுச் சில்லுகளில் ஏற்கெனவே எழுதப்பட்ட இடத்தின் மீது நேரடியாக எழுத இயலாது. முதலில் அழிக்க வேண்டும். அதனால், எந்த இடங்கள் இனித் தேவையில்லை என்பதை இயங்குதளம் முன்கூட்டியே எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடுகிறது. 'டிரிம்' எனப்படும் இக்கட்டளை விண்டோஸ் 7 காலம் முதல் வழக்கில் உள்ளது. டிரைவை ஃபார்மட் செய்யும்போது அதன் முழுப் பரப்புக்கும் இக்கட்டளை சென்றுவிடுகிறது. அதன்பின் அவ்விடங்களைப் படிக்க முயன்றால், பெரும்பாலான எஸ்எஸ்டிகள் சுழியங்களையே திருப்பித் தருகின்றன. ஹார்டு டிஸ்க்கில் வாரக்கணக்கில் நிலைத்திருக்கக்கூடிய வாய்ப்பு, இங்கே சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

இதை இக்கட்டுரையாளர் பட்டறிவாலேயே கற்க நேர்ந்தது. மொழிபெயர்ப்புப் பட்டயப் படிப்பின் இறுதியில், நீதிமன்றச் சொற்களுக்கான கலைச்சொல் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வந்த காலம் அது. மடிக்கணினி திடீரென்று தொடங்க மறுத்தது. கடையில், "டேட்டா வேணுமா?" என்று கேட்கப்பட்டதற்கு, "வேணும்" என்றுதான் விடை கூறப்பட்டது. டி டிரைவில் இருந்தவை பத்திரமாகத் திரும்பின. டெஸ்க்டாப்பில் இருந்த பட்டியல் திரும்பவில்லை. டெஸ்க்டாப் என்பது சி டிரைவின் ஒரு பகுதி என்பது இக்கட்டுரையாளருக்கும் அன்று தெரியாது. இரண்டு இரவுகள் ஓடிய மீட்பு மென்பொருளின் அறிக்கையில் கிடைத்தவை, புதிய விண்டோஸுடன் வந்த சின்னப் படங்கள் மட்டுமே. இறுதியில் பட்டியலின் பழைய வடிவம் ஒன்று கிடைத்தது. டிஸ்க்கிலிருந்து அன்று, ஆறு வாரங்களுக்கு முன் வழிகாட்டிக்கு அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பிலிருந்து.

எஸ்எஸ்டியைப் பறிகொடுத்தவர் தேட வேண்டிய இடங்களும் அத்தகையவையே. அனுப்பிய மின்னஞ்சல்கள், வாட்ஸ்ஆப்பில் பகிர்ந்தவை, அச்சிடக் கடைக்கு எடுத்துச் சென்ற பென் டிரைவ், பழைய கைபேசி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே விண்டோஸைப் பயன்படுத்தியவர்களின் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் அவர்கள் அறியாமலே ஒன்டிரைவுக்குச் சென்றிருக்கக்கூடும். இலவச அளவான 5 ஜிபிக்குள் அடங்கியவை அங்கே இருக்கும். ஒன்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் நீக்கப்பட்டவை 30 நாட்கள் குப்பைத்தொட்டியில் தங்கும். கூகுள் ஃபோட்டோஸில் காப்பெடுக்கப்பட்ட படங்களுக்கு அந்தக் கெடு 60 நாட்கள். ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, சிபிஎஸ்இ மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றின் நகல்கள் போய்விட்டனவே என்று வருந்துவோர், மத்திய அரசின் டிஜிலாக்கர் வழியாக அவற்றை மீண்டும் பெற்றுக்கொள்ளலாம்.

பென் டிரைவ்களும் கேமராவின் மெமரி கார்டுகளும் பொதுவாக டிரிம் கட்டளையைக் கையாளுவதில்லை. ஆகவே, தவறுதலாக ஃபார்மட் செய்யப்பட்ட கார்டிலிருந்து படங்களை மீட்கும் வாய்ப்பு, மடிக்கணினியின் எஸ்எஸ்டியில் இருப்பதைவிட அதிகம்.

டி டிரைவ் திறக்க மறுத்தால்

அண்மைக்காலமாக வேறொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. கோப்புகள் அப்படியே இருக்கும், திறக்கத்தான் இயலாது. 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் டிரைவ்கள் தாமாகவே மறையாக்கம் செய்யப்படுகின்றன. அத்தகைய கணினியில் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து விண்டோஸை மீண்டும் நிறுவினால், டி டிரைவைத் திறக்கும் சாவியும் பழைய சி டிரைவுடனேயே போய்விடுகிறது. டி டிரைவ் அப்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்.

இந்நிலையில், திறக்காத டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம் என்ற யோசனையை ஏற்கக் கூடாது. மீட்பு எண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேறு கணினியிலோ கைபேசியிலோ அக்கணக்கில் நுழைந்து பார்த்துக்கொள்ளலாம். கணினியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தவர் தம் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தியிருந்தால், எண்ணும் அவர் கணக்கில்தான் இருக்கும். அலுவலகக் கணினி எனில், தொழில்நுட்பப் பிரிவை அணுக வேண்டும். எண் எங்கும் கிடைக்காவிடில், அந்தத் தரவைத் திறக்கக் குறுக்குவழி இல்லை. உண்டு என்று பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

கடையில் கொடுக்கும் முன்

"டேட்டா வேணுமா?" என்ற கேள்விக்கு "வேணும்" என்ற விடை போதாது என்பது மேலே கூறியதிலிருந்து விளங்கும். எந்த டிரைவ், எந்தக் கோப்புறை என்று எழுதியே கொடுக்க வேண்டும். வணிகர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியுள்ளது. டேலி போன்ற கணக்கியல் மென்பொருளின் தரவு, டெஸ்க்டாப்பிலோ டாக்குமெண்ட்ஸிலோ இருப்பதில்லை. பெரும்பாலும் 'பப்ளிக்' கோப்புறையிலோ, மென்பொருள் நிறுவப்பட்ட இடத்திலோ உள்ள 'டேட்டா' என்ற கோப்புறைக்குள், நிறுவனத்தின் பெயரால் அன்றி வெறும் எண்ணால் பெயரிடப்பட்டுக் கிடக்கும். அறியாதவர் கண்ணுக்கு அது பயனற்ற கோப்புறையாகவே தோன்றும். அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவையும் இவ்வாறு விடுபடுபவையே.

பணிக்கு முன் டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் படியெடுத்துத் தருமாறு கேட்பதும், இயன்றால் புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் இயங்குதளத்தை நிறுவச் செய்து, பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொள்வதும் பாதுகாப்பானவை. வெறும் ஃபார்மட்டுடன் விற்கப்படும் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து, வாங்குபவரும் இதே மென்பொருட்களைக் கொண்டு விற்றவரின் படங்களையும் வங்கி ஆவணங்களையும் மீட்டுவிட முடியும் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். விற்கும் முன் செய்ய வேண்டியது முழு ஃபார்மட்.

கிடைத்தும் படிக்க இயலாதவை

இந்திய மொழிகளில் தட்டச்சு செய்வோருக்கே உரிய கடைசிச் சிக்கல் ஒன்று உண்டு. கோப்பு பத்திரமாகத் திரும்பிவிட்டது. திறந்தால் ரோமன் எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த பொருளற்ற வரிகள் தெரிகின்றன. கோப்பு சிதைந்துவிட்டது என்று எண்ணி, அதை நீக்கிவிடுவோரும் உள்ளனர்.

சிதைந்தது கோப்பன்று. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களிலேயே இந்திய எழுத்துகளின் வடிவங்களைப் பொருத்தி வைத்தவை. இந்தியில் இன்றும் அரசு அலுவலகங்களிலும் தட்டச்சுத் தேர்வுகளிலும் புழங்கும் 'க்ருதி தேவ்', தமிழில் 'பாமினி' ஆகியவை அவ்வகையின. இயங்குதளத்தை மீண்டும் நிறுவும்போது, பின்னர் சேர்க்கப்பட்ட எழுத்துருக்கள் அனைத்தும் நீங்கிவிடுகின்றன. அதே எழுத்துருவை மீண்டும் நிறுவினால் வரிகள் முன்போலவே தெரியும். எந்த எழுத்துரு என்பது நினைவில் இல்லையெனில், வேர்டு மென்பொருளில் அந்த வரியைத் தேர்ந்து, மேலே உள்ள எழுத்துருப் பெட்டியைப் பார்த்தால் போதும். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். படிக்க முடிந்தவுடன், எழுத்துரு மாற்றிகளின் துணையால் யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்துக்கொண்டால், அடுத்த மறுநிறுவலின்போது அந்த எழுத்துருவைத் தேட வேண்டியிராது.